“அடுத்து என்ன தொடர் பார்க்கலாம்?” என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் முறை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பேருந்தில் போய்வரும் எங்களுக்குக் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் கைபேசியோடுதான் கழிகின்றன. யாராவது ஒருவர் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே, “முடிஞ்சிடுச்சு, அடுத்து என்ன பார்க்கலாம்?” என்று கேட்காத வாரம் இல்லை. சில ஆண்டுகளாக அந்தக் கேள்வி பெரும்பாலும் என்னிடம்தான் வருகிறது என்றாலும், தொடக்கத்தில் நான் சொன்ன பதில்களில் பாதி வீணாய்ப் போயின.

ஒருமுறை என் மாமாவிடம், “அருமையான போலீஸ் தொடர், கட்டாயம் பாருங்க மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் டிவி முன்னால் உட்காரவைத்துத் தொடங்கியிருக்கிறார். பத்தாவது நிமிடத்தில் வந்த வசவுகளைக் கேட்டு, ரிமோட் எங்கே என்று ஆளுக்கொரு பக்கம் தேடியிருக்கிறார்கள். அடுத்த இரண்டு மாதம் நான் எந்தத் தொடரைப் பற்றிப் பேசினாலும் அத்தை சிரித்தார், மாமா சிரிக்கவில்லை. அந்த அனுபவத்திற்குப் பிறகு நானாக வகுத்துக்கொண்ட முறையைத்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: தொடரைச் சொல்வதற்கு முன் ஆளைக் கேளுங்கள்

எங்கள் ஊரில் மாம்பழக் கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்பே, “இன்னைக்குச் சாப்பிடவா, ரெண்டு நாள் கழிச்சா, ஊருக்கு எடுத்துட்டுப் போகவா?” என்று கேட்டுவிட்டுத்தான் கூடையில் கைவைப்பார். தொடருக்கும் அப்படி மூன்று கேள்விகள் இருக்கின்றன.

எப்போது பார்ப்பீர்கள் என்பது முதல் கேள்வி. சன் டிவியில் 2003 முதல் 2009 வரை வந்த ‘கோலங்கள்’ 1,500 பகுதிகளைத் தாண்டியது. இரவில் தட்டோடு உட்காரும் வீட்டுக்கு அந்த நீளம் பொருந்தியது. பேருந்தில் பார்ப்பவருக்கு வேறு கணக்கு. ஒரு பகுதி முக்கால் மணி நேரம், மொத்தம் 8 பகுதிகள் என்றால், போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றுமாக நான்கே நாளில் ஒரு தொடர் முடிந்துவிடும். ஷிஃப்ட் மாறும் வாரத்தில் இருப்பவருக்கு நான் நீண்ட தொடர் எதையும் சொல்வதில்லை, ஏனென்றால் இடையில் மூன்று நாள் விட்டுப்போனால் பாத்திரங்களின் பெயரே மறந்துவிடுகிறது.

யாரோடு பார்ப்பீர்கள் என்பது இரண்டாவது. என் மாமாவிடம் நான் கேட்காமல் விட்டது இதைத்தான்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. எனக்கு அதுதான் மிகுதியும் உதவியிருக்கிறது. “கடைசியாக எந்தத் தொடரைப் பாதியில் நிறுத்தினீர்கள், ஏன்?” என்று கேளுங்கள். பிடித்ததைக் கேட்டால் எல்லாரும் ஊர் புகழும் பெயரையே சொல்வார்கள். பாதியில் விட்டதைச் சொல்லும்போதுதான் உண்மையான ருசி வெளிப்படும். “ரொம்ப இழுத்தாங்க” என்பவருக்கும், “ரத்தம் பார்க்க முடியல” என்பவருக்கும், “யார் யாருக்கு என்ன உறவுன்னே புரியல” என்பவருக்கும் ஒரே தொடரைச் சொல்லமுடியாது.

இரண்டாம் படி: நீங்கள் பாருங்கள், தரக்குறியீட்டையும் பாருங்கள்

முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு எதையும் பரிந்துரைக்காதீர்கள். முழுவதும் பார்க்க நேரமில்லை என்றால், முதல் இரண்டு பகுதிகளையாவது பார்த்துவிட்டு, “நான் இரண்டு வரைதான் பார்த்திருக்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். தகவல் தொழில்நுட்ப விதிகள், 2021-இன்படி இணையத்தில் வரும் ஒவ்வொரு தொடரும் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்ற ஐந்து பிரிவுகளில் ஒன்றைக் காட்டியாக வேண்டும். வன்முறை, கெட்ட வார்த்தை, போதைப்பொருள் போன்ற காரணமும் அருகிலேயே சிறிய எழுத்தில் வரும். தொடங்கும்போது திரையின் ஓரத்தில் சில நொடிகளே நிற்கும் அந்த வரியை வாசித்திருந்தால் அன்றிரவு மாமா வீட்டில் ரிமோட்டைத் தேடும் வேலை இருந்திருக்காது.

மூன்றாம் படி: அந்த ஆளுக்கு என்று ஒரு பிடியைக் கண்டுபிடியுங்கள்

ஒரு தொடரைப் பத்துப் பேருக்குச் சொல்லலாம், ஆனால் பத்துப் பேருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லக்கூடாது. 2024-இல் அமேசான் பிரைமில் வந்த ‘தலைவெட்டியான் பாளையம்’ தொடரை எடுத்துக்கொள்வோம். இந்தியில் 2020-இல் தொடங்கிய ‘பஞ்சாயத்’தைத் தமிழுக்குக் கொண்டுவந்த தொடர் இது; படித்த நகரத்து இளைஞன் ஒருவன், வேறு வழியில்லாமல் ஒரு கிராமத்து ஊராட்சிச் செயலாளராக வந்து சேர்கிறான் என்பதுதான் கதை. இதைப் பேருந்தில் உள்ள இளைஞர்களிடம் சொல்லும்போது, “இன்ஜினியரிங் முடிச்சுட்டு நாம எழுதாத பரீட்சையா?” என்பதே போதுமானதாக இருந்தது.

என் அத்தையிடம் அது எடுபடவில்லை. “கிராமத்தைப் பார்க்க டிவி எதுக்கு, ஜன்னலைத் திறந்தா தெரியுது” என்றார். அவர் 1990-களில் ‘மர்மதேசம்’ ஒளிபரப்பான இரவுகளில் விளக்கை அணைக்கப் பயந்தவர் என்பது நினைவுக்கு வரவே, “அத்தை, ‘விடாது கருப்பு’ எடுத்தாரே நாகா, அவர் எடுத்ததுதான் இது; இந்தத் தடவை பயமுறுத்தாம சிரிக்கவைக்கிறார்” என்றேன். அன்று மாலையே தொடங்கிவிட்டார். அத்தைக்கு இயக்குநரின் பெயர் பிடியாக இருந்தது. இன்னொருவருக்கு நடிகராக இருக்கலாம், பார்த்த ஊராக இருக்கலாம், செய்கிற தொழிலாகவும் இருக்கலாம். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவருக்கு நான் 2025-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அடோலசன்ஸ்’ தொடரைச் சொன்னபோது கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. “நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட்” என்று மட்டும் சொன்னேன். மண்டபத்தில் மணமேடையிலிருந்து பந்திவரை கேமராவை நிறுத்தாமல் கொண்டுபோவதே எவ்வளவு பாடு என்று அறிந்தவருக்கு வேறென்ன சொல்லவேண்டும்?

நான்காம் படி: நான்கு வாக்கியங்களில் எழுதுங்கள்

வாட்ஸப்பில் வரும் பரிந்துரைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன: “அயலி பாருங்க. வேற லெவல். கண்டிப்பா அழுவீங்க.” இதிலிருந்து வாசிப்பவருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. கண்டிப்பாக அழுவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பலருக்கு அழுகை வருவதும் இல்லை.

அதே தொடருக்கு நான் எழுதியது இது: “2023-இல் ஜீ5-இல் வந்த தொடர், 8 பகுதிகள், இயக்கியவர் முத்துக்குமார். பெண் வயதுக்கு வந்தால் பள்ளியை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கும் ஒரு கிராமத்தில், 1990-இல், டாக்டர் ஆக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி என்ற மாணவி என்ன செய்கிறாள் என்பது கதை. பேசுகிற விஷயம் கனமானது, சொல்லும் விதத்தில் நகைச்சுவையும் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண் பிள்ளைகளோடு அம்மா, அப்பா சேர்ந்து பார்க்கலாம்; வாக்குவாதம் வரும், வரட்டும்.”

முதல் வாக்கியத்தில் எங்கே, எவ்வளவு என்பது இருக்கிறது. இரண்டாவதில் கதையின் முடிச்சு இருக்கிறது, ஆனால் அது அவிழும் விதம் இல்லை. மூன்றாவது தொனியைச் சொல்கிறது. நான்காவது, யாருக்கு என்பதைச் சொல்கிறது. இளவயதுத் திருமணம் இன்னும் செய்தியாக வந்துகொண்டிருக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் அந்த நான்காவது வாக்கியத்திற்காகவே இந்தத் தொடரைப் பலருக்கு அனுப்பியிருக்கிறேன்.

முடிச்சை எதுவரை சொல்லலாம் என்பதில் புதியவர்களுக்குக் குழப்பம் வரும். முதல் பகுதி முடிவதற்குள் நடப்பதைச் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் அளவுகோல். “கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு” என்று சொல்வதும் கதையை உடைப்பதுதான், ஏனென்றால் கேட்டவர் அந்தத் திருப்பத்தைத் தேடிக்கொண்டே பார்ப்பார்.

ஐந்தாம் படி: எந்த மொழியில் என்பதையும் சொல்லிவிடுங்கள்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். மொழிமாற்றிய குரலில் துப்பறியும் கதை அவ்வளவாகக் கெட்டுப்போவதில்லை, நகைச்சுவைதான் செத்துவிடும். ஆகவே சிரிப்புத் தொடர் என்றால் மூலமொழியில், திரைக்கு அடியில் வரும் வசன எழுத்துகளோடு பார்க்கச் சொல்லுங்கள், அல்லது தமிழிலேயே எடுத்ததைச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பார்த்தபின் பேசுவது

எங்கள் பேருந்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஒரு தொடரை முழுவதும் பார்த்தவர்கள் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முன்னால் உட்காருவார்கள். பேச்சைத் தொடங்குவதற்கு முன், “எத்தனையாவது பகுதி வரை?” என்று கேட்பது கட்டாயம். கூட்டத்தில் குறைவாகப் பார்த்தவர் எங்கே நிற்கிறாரோ, பேச்சும் அங்கேயே நிற்கவேண்டும்.

“எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்தது” என்ற பதில்தான் வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஒரு காட்சியைப் பிடித்துக் கேளுங்கள். ‘தலைவெட்டியான் பாளையம்’ பார்த்தவர்களிடம் நான் கேட்டது, “தேர்தலில் ஜெயித்தது மனைவி, நாற்காலியில் உட்காருவது கணவர். உங்கள் ஊராட்சியில் கையெழுத்து யாருடையது, பேச்சு யாருடையது?” என்பதுதான். ஓசூர் வந்து சேரும்வரை அன்று யாரும் ஹெட்செட்டைத் தொடவில்லை.

2022-இல் வந்த ‘சுழல்’ தொடரைப் பற்றிய பேச்சு எங்கள் பக்கத்தில் வேறு மாதிரிப் போனது. புஷ்கர், காயத்ரி உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய அந்தத் தொடரில், சிமெண்ட் ஆலை தீப்பற்றி எரியும் இரவில் ஒரு பெண் காணாமல் போகிறாள். விசாரணை நடக்கும் நாள்களிலேயே ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழாவும் நடக்கிறது. வேறு மாவட்டத்தவருக்கு அந்தத் திருவிழா புதிய காட்சி. காவேரிப்பட்டணத்தில் மாசி அமாவாசையையொட்டி அங்காளம்மன் மயானத்துக்குப் புறப்படுவதையும், சூறைவிடும் தானியத்துக்கும் காசுக்கும் கூட்டம் கை நீட்டுவதையும் சிறுவயது முதல் பார்த்தவர்களுக்கு அப்படியில்லை. அந்த ஊர் நண்பர், “வேஷம் சரி, கூட்டத்தோட சத்தம் சரியில்ல, நம்ம ஊர்ல பம்பைச் சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் பேசறது கேக்காது” என்றார். இத்தகைய விவரங்கள் எந்த விமர்சனத்திலும் கிடைக்காதவை. உங்கள் கூட்டத்தில் யாருக்கு எது நேரில் தெரியும் என்று பார்த்து, அவரை முதலில் பேசவிடுங்கள்.

உண்மைச் சம்பவத் தொடர்களுக்கு இது இன்னும் முக்கியம். வீரப்பனைப் பற்றி 2023-இல் இரண்டு ஆவணத் தொடர்கள் வந்தன. நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி ஹன்ட் ஃபார் வீரப்பன்’ 4 பகுதிகள் கொண்டது. அதிரடிப்படையினர், வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி எனப் பல தரப்பினரும் அதில் பேசுகிறார்கள். ஜீ5-இல் வந்த ‘கூச முனிசாமி வீரப்பன்’ தொடரிலோ, காட்டுக்குள் நக்கீரன் பதிவுசெய்த காட்சிகளில் அவரே பேசுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்லி, “ஒரே சம்பவத்தை எந்தத் தொடர் யார் வாயால் சொல்கிறது?” என்று குறித்துவரச் சொல்லலாம், தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதைத் தருமபுரியில் உட்கார்ந்து பேசும்போது ஒரு கவனம் தேவை. 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்ட பாப்பாரப்பட்டி தருமபுரி மாவட்டத்து ஊர். சந்தன மரத் தேடுதலின் பெயரால் 1992 ஜூன் 20 அன்று அரசு ஊழியர்களே வன்கொடுமை செய்த வாச்சாத்தியும் அதே மாவட்டத்து ஊர்தான். 2011-இல் தீர்ப்பு வந்து, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்யும்வரை அம்மக்கள் காத்திருந்தார்கள். ஆகவே “செம த்ரில்லிங்” என்று தொடங்காதீர்கள். எதிரில் இருப்பவரின் வீட்டில் அது கதையாக இல்லாமல் இருக்கலாம். ஒருமுறை நான் அப்படித் தொடங்கியபோது, ஓய்வுபெறும் வயதிலிருந்த ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஏழாம் படி: பிடிக்கவில்லை என்றால் எங்கே நிறுத்தினார் என்று குறித்துக்கொள்ளுங்கள்

கோபித்துக்கொள்ள வேண்டாம், வாதாடவும் வேண்டாம். ஒரு சிறிய நோட்டில் ஆள், தொடர், நிறுத்திய இடம், அவர் சொன்ன காரணம் ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். என் நோட்டில் பெரியப்பாவின் பெயருக்கு நேராக இப்படி இருக்கிறது: “சுழல், 2-ஆம் பகுதியோடு நிறுத்தம், ‘எல்லாரும் முணுமுணுக்கிறாங்க.’”

கதை பிடிக்கவில்லை போலும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பல ஸ்பீக்கர்களுக்கென்று கலக்கப்பட்ட ஒலி, டிவியின் சிறிய ஸ்பீக்கர்களில் வரும்போது இசை மேலே ஏறிப் பேச்சு அமுங்கிவிடுகிறது. அவருக்கோ ஏற்கெனவே ஒரு காது மந்தம். செட்டிங்கில் ஒலி அமைப்பைத் திறந்து, பேச்சைத் தூக்கிக் காட்டும் முறைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மீதி ஆறு பகுதிகளையும் மூன்றே இரவில் முடித்துவிட்டு, கடைசி வரிசையில் தனக்கும் ஓர் இடம் போடச் சொல்லியிருக்கிறார்.