திருகோணமலை பெயர் கொண்ட கப்பலைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக ஊர். அங்குள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று மிதக்கிறது: எச்எம்எஸ் டிரிங்கோமலி. பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்றும் தண்ணீரில் மிதப்பவற்றில் இதுதான் மிகப் பழையது. பழங்கப்பலுக்குள் இதுவரை போகாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

1. கிளம்பும் முன்

வழுக்காத, தட்டையான ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பை சின்னதாக இருக்கட்டும். திறந்திருக்கும் நேரத்தை அன்றைக்கே இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

2. உடனே ஏறாதீர்கள்

முதலில் கரையில் நின்று அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையைப் பாருங்கள். அங்கே தலைப்பாகை கட்டிய ஒரு மனிதனின் சிலை இருக்கும். இந்தக் கப்பல் பிறந்தது பம்பாயில். வாடியா குடும்பத்தார் கட்டி 1817 அக்டோபரில் கடலில் இறக்கினார்கள். நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் வேலை பம்பாய்க்கு வந்தது. இதைக் கட்டுவதற்கான வரைபடங்களை ஏற்றி வந்த ஜாவா என்ற கப்பலை 1812இல் அமெரிக்கர்கள் பிடித்துவிட, மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று.

3. மரத்தைக் கவனியுங்கள்

மலபார் தேக்கு. ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய் அதைக் காக்கும். 1987இல் இங்கே கொண்டுவந்து பல வருடம் செப்பனிட்டும், பாதிக்கு மேல் பழைய மரமே மிஞ்சியிருக்கிறது என்றால் தேக்கின் உறுதியைப் பாருங்கள். எனக்கு இந்தக் கப்பலில் பெரிய அதிசயம் அதுதான்.

4. ஏணியில் இறங்கும் முறை

படிகள் செங்குத்தானவை. படியைப் பார்த்தபடி, பின்புறமாக, இரண்டு கையாலும் பிடித்து இறங்குங்கள். கீழே போனதும் குனிந்தே நடங்கள். உத்தரம் தலையில் இடிக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்படவே வேண்டாம்.

5. கேப்டன் அறையைக் கடைசிக்கு வையுங்கள்

பீரங்கித் தளத்துக்கு வந்ததும் எல்லோரும் பின்கோடியிலுள்ள கேப்டன் அறைக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் இன்னும் ஒரு தளம் இறங்கிவிடுங்கள். மாலுமிகள் சாப்பிட்டதும் தூங்கியதும் அங்கேதான். குழந்தைக்குத் தூளி கட்டுவது போல, கான்வாஸ் துணியை உத்தரத்தில் கட்டி, ஒருவர் தோள் ஒருவர் மேல் உரசப் படுத்திருந்தார்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம் மேலேறி, வரிசையாக ஜன்னல் வைத்த அந்த அறைக்குள் போய்ப் பாருங்கள்.