ஃபாலோ-ஆன்: பேசும்போதும் எழுதும்போதும் சறுக்கும் இடங்கள்

டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாட்களில் அடிக்கடி காதில் விழும் சொல் 'ஃபாலோ-ஆன்'. ஆனால் யார் யாரை என்ன செய்யச் சொன்னார்கள் என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. "இந்தியா ஃபாலோ-ஆன்" என்று ஒரு தலைப்பு இருந்தால், இந்தியா எதிரணியை மறுபடி ஆட வைத்ததா, இந்தியாவே மறுபடி ஆடுகிறதா? தலைப்பை வைத்துச் சொல்லவே முடியாது. ஒரு வினைச்சொல் சேர்த்தால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும். முன்னிலையில் இருக்கும் அணி ஃபாலோ-ஆன் கொடுக்கிறது. பின்தங்கிய அணி ஃபாலோ-ஆன் ஆடுகிறது.

வழக்கமாக இரண்டு அணிகளும் மாறி மாறித்தான் பேட் செய்யும். இரண்டாவதாக ஆடிய அணி முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கிவிட்டால், "நீங்களே திரும்ப ஆடுங்கள்" என்று எதிரணி கேப்டன் சொல்லலாம். அப்போது அந்த அணியின் இரண்டாவது இன்னிங்ஸ், முதல் இன்னிங்ஸின் வாலைப் பிடித்தபடியே வந்துவிடும். இடைவேளை வெறும் 10 நிமிடம். சொல்லில் 'ஃபாலோ' (பின்தொடர்) வந்ததற்கு இதுதான் காரணம்.

2001 மார்ச், கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். ஆஸ்திரேலியா 445, இந்தியா 171. லக்ஷ்மண் 59 ரன் அடித்து, கடைசி விக்கெட்டாக ஆட்டமிழந்து உள்ளே வருகிறார். ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் வா ஃபாலோ-ஆன் கொடுக்கிறார். இந்தியாவின் பயிற்சியாளர் ஜான் ரைட் லக்ஷ்மணிடம், காலில் கட்டிய பேடைக் கழற்ற வேண்டாம், இந்த முறை மூன்றாவதாக இறங்கு என்கிறார். கடைசியாக அவுட் ஆனவர் பேட் கட்டிய காலோடு அடுத்த இன்னிங்ஸுக்குக் காத்திருக்கிறார் பாருங்கள், ஃபாலோ-ஆன் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, எத்தனை ரன் பின்தங்கினால் ஃபாலோ-ஆன்? 5 நாள் ஆட்டத்தில் 200. இங்கே பலரும் ஒரு ரன்னில் தவறுகிறார்கள். விதி சொல்வது 'குறைந்தது 200 ரன் முன்னிலை' என்றுதான், '200-க்கு மேல்' என்று இல்லை. முதலில் ஆடிய அணி 400 எடுத்திருக்கிறது, அடுத்த அணி சரியாக 200-க்கு ஆல் அவுட் என்றால் ஃபாலோ-ஆன் கொடுக்கலாம். தப்பிக்க 201 வேண்டும். எதிரணியின் ஸ்கோரிலிருந்து 199-ஐக் கழித்துக்கொள்ளுங்கள், அதுதான் எட்ட வேண்டிய எண். ஈடன் கார்டன்ஸில் அது 246. அந்த எண்ணைத் தொடாமல் டிக்ளேர் செய்து, அதாவது ஆல் அவுட் ஆகும் முன்பே இன்னிங்ஸை முடித்துக்கொண்டு, நழுவிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம், டிக்ளேர் செய்தாலும் ஃபாலோ-ஆன் வரும்.

எல்லா ஆட்டத்துக்கும் 200 என்று எழுதுவதும் தவறு. 3, 4 நாள் ஆட்டங்களுக்கு 150, 2 நாள் ஆட்டத்துக்கு 100. மழை வந்தால் இந்தக் கணக்கு டெஸ்டிலும் எட்டிப் பார்க்கும். முதல் நாள் ஒரு பந்துகூட வீசப்படாமல் போனால், மிச்சம் 4 நாள் என்பதால் வரம்பு 150 ஆகிவிடும். ஆனால் முதல் நாள் மாலை ஒரு ஓவர் தொடங்கியிருந்தாலே அது முழு நாளாகிவிடும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முழுக்க மழையில் போனாலும் வரம்பு மாறாது.

அப்புறம், இந்த உரிமை முதலில் பேட் செய்த அணிக்கு மட்டும்தான். இரண்டாவதாக ஆடிய அணி 300 ரன் முன்னிலை பெற்றால் "ஃபாலோ-ஆன் கொடுப்பார்களா?" என்று கேட்பதில் பொருளே இல்லை. அடுத்து ஆட வேண்டியது எப்படியும் எதிரணிதானே!

'விதிப்படி ஃபாலோ-ஆன் ஆக வேண்டியதாயிற்று' என்று எழுதுகிறார்களே, அதுவும் சரியில்லை. ஒரு காலத்தில் அது கட்டாயமாகத்தான் இருந்தது. 1900-க்குப் பிறகு கேப்டனின் விருப்பம். பந்துவீச்சாளர்கள் களைத்திருக்கலாம், நான்காவது இன்னிங்ஸை உடைந்த பிட்சில் தானே ஆடும் நிலை வந்துவிடக் கூடாது என்று நினைக்கலாம். அதனால்தான் 250 ரன் முன்னிலையிலும் சில கேப்டன்கள் தாங்களே பேட் செய்கிறார்கள். அதைப் பயம் என்று எழுதுவது நியாயமில்லை.

மொழிபெயர்ப்பில் வரும் தவறு ஒன்றும் உண்டு. ஆங்கில வர்ணனையில் ஃபாலோ-ஆனை 'சேவ்' செய்தார்கள் என்பார்கள். அதை 'ஃபாலோ-ஆனைக் காப்பாற்றினார்கள்' என்று தமிழில் போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். 'தவிர்த்தார்கள்' என்பதே சரி.

கடைசியாக, ஃபாலோ-ஆனையும் இன்னிங்ஸ் தோல்வியையும் ஒன்றாக்குவது. இரண்டு இன்னிங்ஸிலும் எடுத்த ரன்களைக் கூட்டினாலும் எதிரணியின் ஒரே இன்னிங்ஸை எட்டாவிட்டால்தான் இன்னிங்ஸ் தோல்வி. ஃபாலோ-ஆன் இல்லாமலும் அது நடக்கும். ஃபாலோ-ஆன் ஆடியும் டிரா செய்யலாம், ஏன், ஜெயிக்கவும் செய்யலாம். 1894 சிட்னி, 1981 ஹெடிங்லி, 2001 கொல்கத்தா, 2023 வெலிங்டன் என்று டெஸ்டில் அது நடந்திருக்கிறது. கொல்கத்தாவில் லக்ஷ்மண் 281, டிராவிட் 180. நான்காம் நாள் முழுக்க இருவரும் விக்கெட்டே கொடுக்கவில்லை. இந்தியா 171 ரன் வித்தியாசத்தில் வென்றது.

வெலிங்டனில் இங்கிலாந்து 435-க்கு டிக்ளேர், நியூசிலாந்து 209. இங்கிலாந்து கேப்டன் பென் ஸ்டோக்ஸ் ஃபாலோ-ஆன் கொடுத்தார். நியூசிலாந்து 483 அடித்தது. 258 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்து 256-இல் நின்றது, நியூசிலாந்தின் வாக்னர் பந்தில் ஆண்டர்சன் கடைசி விக்கெட். அந்த முடிவை இப்படி எழுதலாம்: ஃபாலோ-ஆன் ஆடிய நியூசிலாந்து 1 ரன்னில் வென்றது.