பனோரமாவுக்கு லென்ஸ் வாங்கும் முன் வட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

பெரிய ஃபிலிமில் அகலமான படம் எடுக்க வேண்டும் என்று 6×17, 4×10, 7×17 (ஃபிலிமின் அளவுகள்; 6×17, 6×12 சென்டிமீட்டரில், மற்றவை அங்குலத்தில்) பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மி.மீ. லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். லென்ஸுக்குப் பின்னால் விழும் படம் ஒரு வட்டம். உங்கள் ஃபிலிமின் நான்கு மூலைகளும் அந்த வட்டத்துக்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் மூலைகள் கறுத்துப் போகும், இல்லையென்றால் சேறு பூசியது போல மங்கிக் கிடக்கும். 4×10-க்கென்று நான் வாங்கிய முதல் லென்ஸ் ஒரு பழைய 180 மி.மீ. "நல்லா எட்டும்" என்றார் விற்றவர், அவர் 4×5-ஐ மனதில் வைத்துச் சொன்னார், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு மலைத்தொடரின் இரண்டு முனைகளும் இருட்டில் போன ஆறு நெகட்டிவ்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். ஃபிலிமின் மூலைவிட்டம் எவ்வளவோ, வட்டத்தின் விட்டம் குறைந்தது அவ்வளவு இருக்க வேண்டும். 6×17-ல் படம் விழும் இடம் ஏறக்குறைய 56×168 மி.மீ., மூலைவிட்டம் 177. 6×12-க்கு 125 போதும். 4×10 அங்குலத்துக்கு 274, 5×12-க்கு 330, 7×17-க்கு 467, 8×20-க்கு 547, விருந்துகளில் கூட்டமாக நிற்கவைத்து எடுத்த பழைய அமெரிக்க 12×20 கேமராவுக்கு 592. (லென்ஸே சுழன்று எடுக்கும் கேமராக்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. செக் புகைப்படக்காரர் ஜோசஃப் சுடெக் பிராக் நகரத்தை எடுத்த கோடாக் பனோரம் அந்த வகை, அதில் லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு கீற்றை மட்டும் பார்த்தால் போதும்.)

இதுவரை கேமரா நேராக நிற்கும்போது. அடிவானத்தைக் கீழே இறக்கி வானத்துக்கு இடம் கொடுக்க லென்ஸை மேலே ஏற்றுவோம் இல்லையா, அதற்குக் கூடுதல் வட்டம் வேண்டும். ஆனால் பனோரமாவில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்: ஏற்றுவதற்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. உயரத்தோடு ஏற்றத்தை இரண்டு மடங்காகக் கூட்டி மறுபடி மூலைவிட்டம் போட்டுப் பாருங்கள். 6×17-ல் 20 மி.மீ. ஏற்றினால் உயரம் 56-லிருந்து 96 ஆகிறது, தேவைப்படும் வட்டமோ 177-லிருந்து 194-க்குத்தான் போகிறது. அதே 20 மி.மீ.-யைப் பக்கவாட்டில் நகர்த்தினால் 215 ஆகிவிடும். அகலம் ஏற்கெனவே வட்டத்தின் விளிம்பு வரை நீண்டு கிடப்பதால்தான் இப்படி. ஆகவே ஏற்றி இறக்கும் வசதிக்காக வட்டத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்து வாங்குங்கள், பக்கவாட்டு நகர்த்தலைப் பனோரமாவில் மறந்துவிடலாம், முக்காலியைத் திருப்புவதே மேல்.

அகலம்தான் எல்லாவற்றையும் தின்கிறது என்பதற்கு இன்னொரு கணக்கு. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆர்ட் சின்சபா 1960-களில் அமெரிக்க மத்திய மேற்கின் சமவெளிகளை 12×20 கேமராவில் எடுத்து, பிரிண்டை மிக ஒடுங்கிய பட்டையாக வெட்டினார். நீங்களும் அப்படி நடுவிலிருந்து ஓரிரு அங்குல உயரம் மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால்கூட 20 அங்குல அகலத்துக்கே 508 மி.மீ. வேண்டும். உயரத்தை எவ்வளவு வெட்டினாலும் 592-ல் மிச்சமாவது 80-ஐ ஒட்டித்தான்.

சரி, வட்டம் தெரிந்துவிட்டது, லென்ஸுக்கு வருவோம். குவியத்தூரத்தை, அதாவது லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்ணை, வைத்து வட்டத்தை ஊகிக்காதீர்கள். 210 மி.மீ. என்று எழுதிய மூன்று லென்ஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ஸார் வகை என்றால் 250 வரை எட்டினாலே பெரிது. பிளாஸ்மட் வகையான சிம்மார்-எஸ் 294 தரும். சூப்பர்-சிம்மார் எக்ஸ்எல் 500 தரும், கனமும் விலையும் அதற்கேற்ப இருக்கும். முதலாவது 4×10-க்கு எட்டாது, இரண்டாவது எட்டிவிட்டுக் கொஞ்சம் ஏற்றவும் விடும், மூன்றாவது 7×17-க்கே போதும். டெலிஃபோட்டோ அமைப்பில் செய்தவை நீளமாக இருந்தாலும் வட்டம் சின்னது, பெரிய பனோரமாவுக்கு வேண்டாம்.

6×17-க்கு என்னைக் கேட்டால் 90 மி.மீ.-ல் தொடங்குங்கள். (கீழே வரும் எஃப் எண் லென்ஸின் ஓட்டையான அப்பர்ச்சரின் அளவு, எண் பெரிதானால் ஓட்டை சின்னது.) நிக்கோர்-எஸ்டபிள்யூ 90 எஃப் 8-க்கு வட்டம் 235, சூப்பர்-அங்குலான் 90 எஃப் 8-க்கு 216, இரண்டிலும் தாராளமாக ஏற்றலாம். 65-க்கு ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும், அந்த அளவில் நிறைய லென்ஸ்கள் 170-ல் நின்றுவிடும், நமக்கு வேண்டியது 177. 4×10-ல் அகலமாக வேண்டுமென்றால் நிக்கோர்-எஸ்டபிள்யூ 120 எஃப் 8, வட்டம் 312. நீண்ட குவியத்தூரத்தில், மலையேற எடுத்துப்போகிற மாதிரி வேண்டுமென்றால் ஃபுஜினான்-சி 300, அதன் வட்டம் 380, அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் இவ்வளவு சின்னதா என்று தோன்றும். 7×17-க்கு அதன் அண்ணன் ஃபுஜினான்-சி 450, 486 மி.மீ.

தயாரிப்பாளர் சொல்லும் எண் பெரும்பாலும் எஃப் 22-ல், தூரத்தில் ஃபோகஸ் வைத்தபோது கிடைப்பது. அப்பர்ச்சரைப் பெரிதாகத் திறந்தால் வட்டம் சுருங்கும், கிட்டத்தில் ஃபோகஸ் வைத்தால் விரியும். அப்புறம், வெளிச்சம் விழுகிற வட்டம் வேறு, கூர்மையாக விழுகிற வட்டம் வேறு, நாம் தேடுவது இரண்டாவதை. இதில் எவ்வளவு கறாராக இருப்பது என்பது பிரிண்ட் போடும் விதத்தைப் பொறுத்தது. 8×20 நெகட்டிவை அப்படியே தாளில் வைத்துக் கான்டாக்ட் பிரிண்ட் போடுகிறவருக்கு ஓரத்துக் கூர்மை சற்றே குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஜி-கிளாரான் லென்ஸ்களைப் பெரிய கேமராக்காரர்கள் தேடித்தேடி வாங்குவது அதனால்தான், எஃப் 32, 45 என்று குறைத்துக்கொண்டே போனால் அறிவித்ததைவிட அதிகமாகவே எட்டும். 6×17-ஐ ஸ்கேன் செய்து சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கப் போகிறவர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

வட்டம் எட்டினாலும் ஓரத்தில் வெளிச்சம் குறையும். 90 லென்ஸில் 6×17-ன் மூலைக்குப் போகும் கதிர் ஏறக்குறைய 44 டிகிரி சாய்ந்து போகிறது, வெறும் கணக்குப்படி நடுவில் விழுவதில் கால் பங்கு வெளிச்சம்தான் அங்கே விழும், அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). நவீன வைட் லென்ஸ்கள் இதைக் கொஞ்சம் சரிக்கட்டுகின்றன, ஆனாலும் வானம் இருக்கும் படத்தில் ஓரம் கறுப்பது தெரியும். ஸ்லைடு ஃபிலிம் போடுகிறவர்கள், நடுவில் வெளிச்சத்தைக் குறைத்து ஓரத்தோடு சமப்படுத்தும் சென்டர் ஃபில்டருக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள், நெகட்டிவில் நான் பல நேரம் அது இல்லாமலே எடுத்து, பிரிண்ட் போடும்போது சரி செய்கிறேன்.

4×5 கேமராவில் மாட்டும் 6×17 பேக் (ஃபிலிம் வைக்கும் பின்பகுதி) வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கேமராவின் பின்வாசல் 120 மி.மீ. அகலம்தான், ஃபிலிம் 168. அதனால் பேக் ஃபிலிமைச் சில சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வைத்து ஒளியை விரியவிடுகிறது. 90 லென்ஸிலிருந்து வரும் ஒளி அகலமாக விரிந்துகொண்டே வருவதால் 26 மி.மீ. பின்னால் தள்ளினாலே போதும், 180 லென்ஸுக்கு 51 மி.மீ. வேண்டும். லென்ஸ் நீள நீள வாசலின் விளிம்பே படத்தின் இரு பக்கத்தையும் வெட்டும், லென்ஸின் வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு உதவாது.

8×10 கேமராவில், ஃபிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடை நீளவாக்கில் பாதியாக வெட்டி ஒரே ஷீட்டில் இரண்டு 4×10 எடுக்கும் வழி ரொம்ப மலிவானது, நான் இன்றும் அப்படித்தான் எடுக்கிறேன். ஆனால் படம் ஷீட்டின் மேல்பாதியிலோ கீழ்பாதியிலோ விழுகிறது என்பதால் லென்ஸையும் 50 மி.மீ. ஏற்றியோ இறக்கியோ அந்தப் பாதியின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், கொண்டுவராவிட்டால் முழு 8×10-க்கு எட்டும் லென்ஸ் தேவைப்படும்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் நாள் கடப்பதற்குள், ஃபிலிம் போடாமலே ஒரு சோதனை செய்துவிடுங்கள். தூரத்தில் ஃபோகஸ் வைத்து, வழக்கமாக ஏற்றுகிற அளவு ஏற்றி, படத்தைப் பார்த்து ஃபோகஸ் வைக்கும் பின் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸைக் கழற்றிவிட்டு, ஃபிலிமின் மூலை எங்கே வருமோ அங்கே கண்ணை வைத்து லென்ஸுக்குள் பாருங்கள். அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கும்போது அந்த ஓட்டை இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு எலுமிச்சை வடிவில் தெரியும். மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வெட்டுப்படாமல் ஓட்டை முழுசாகத் தெரிகிற எண் எதுவோ, அதைவிடச் சின்ன எண்ணுக்கு இந்த ஃபிலிமில் அந்த லென்ஸைத் திறக்காதீர்கள். எஃப் 45 வரை போயும் முழுசாகத் தெரியவில்லை என்றால் லென்ஸைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஃபில்டரும் ஹூடும் மாட்டியபடி இன்னொரு முறை பாருங்கள், 90-க்கு முன்னால் தடித்த ஃபில்டர் ஒன்று இருந்தாலே மூலை போய்விடும்.