கோர்தோஸ்: வேதாகமத்தில் ‘புல்’ என்று வரும் கிரேக்கச் சொல்லில் நேரும் தவறுகள்

முதலில் உச்சரிப்பு. chortos என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்துச் ‘சோர்டோஸ்’ என்பவர்கள் உண்டு. முதல் எழுத்து ககரத்தின் பக்கம் நிற்பது. கோர்தோஸ் என்றால் போதும்.

பெரிய தவறு, எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் தமிழ் ஒத்தவாக்கியத்தில் ‘புல்’ என்று தேடி, வந்ததை மட்டும் படிப்பது. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் 15 முறை வருகிறது. அதில் இரண்டு இடங்கள் இப்படித் தேடினால் சிக்காது. மாற்கு 4:28-இல் நிலம் முதலில் கொடுக்கும் ‘முளை’ கோர்தோஸ்தான். மத்தேயு 13:26-இல் களைகளோடு வளரும் ‘பயிர்’ என்பதும் அதுவே. இரண்டுமே தானியப் பயிரின் இளந்தாள். ஸ்ட்ராங் அகராதி இந்தக் கிரேக்கச் சொல்லுக்குத் தரும் மூலச்சொல் எண் 5528-ஐ வைத்துத் தேடுங்கள், எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

அருகம்புல்லை மனதில் வைத்து வாசிப்பதும் இடறலாகும். மத்தேயு 6:28-இல் காட்டுப் புஷ்பங்களைக் காட்டிய இயேசு, 30-ஆம் வசனத்தில் அவற்றையே ‘காட்டுப் புல்’ என்கிறார். பூவும் செடியுமாக வயலில் தானாக முளைப்பதெல்லாம் இதில் அடக்கம். இயேசு வாழ்ந்த நாட்டில் குளிர்கால மழையில் பச்சை பிடிப்பது கோடை தொடங்கியதும் காய்ந்துவிடும். விறகு அரிதான ஊரில் அது அடுப்புக்குப் போகும். யாக்கோபு 1:11-இன் கடும் வெயிலும் இந்தப் பருவ மாற்றம்தான்.

பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இன்னும் கவனம் வேண்டும். எபிரெயத்தின் ஹாட்சீர் (புல்), ஏசெப் (பயிர், பூண்டு) இரண்டுக்கும் அங்கே கோர்தோஸ் வருகிறது. ஆதியாகமம் 3:18-இல் ஆதாம் உண்ணப்போவது கோர்தோஸ் என்றதும், ‘மனிதன் மேயப் போனான்’ என்று பிரசங்கிப்பது அபத்தம். அங்கே மூலம் ஏசெப். தமிழில் ‘பயிர்வகைகள்’ என்றது சரி. ஏசாயா 40:6-இல் ஹாட்சீர். 1 பேதுரு 1:24 இந்தக் கிரேக்க வடிவத்தை ஒட்டிச் செல்வதால், எபிரெயத்தில் உள்ள ‘ஜனமே புல்’ அதில் இல்லை. பேதுரு விட்டுவிட்டார் என்று காரணம் தேட வேண்டாம்.

பழங்கிரேக்கத்தில் கோர்தோஸ் வேலியடைத்த முற்றத்தையும் குறித்தது. அதை வைத்து ‘வேலிக்குள் காக்கப்பட்ட சபை’ என்று நீட்டுவதற்கு இந்த 15 இடங்களில் ஒன்றும் இடம் தராது. கோர்த்தாஸோ என்ற வினையும் அப்படியே. முன்பு கால்நடைக்குத் தீனி போடுவது. மத்தேயு 14:20-இல் ஜனங்கள் ‘திருப்தியடைந்தார்கள்’ என்பதற்கு மேல் அங்கே ஆட்டுமந்தை ஒளிந்திருக்கவில்லை.

1 கொரிந்தியர் 3:12-இன் மரம், புல், வைக்கோல் மூன்றுக்கும் தனித்தனிப் பாவம் ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். மூன்றும் தீப்பிடிப்பவை, அவ்வளவுதான்.

மாற்கு 6:39-இன் ‘பசும்புல்’, வசந்தகாலத்து யூதப் பண்டிகையான பஸ்கா அண்மித்திருந்ததைச் சொல்லும் யோவான் 6:4-உடன் பொருந்துகிறது. பருவத்தை அது காட்டும். எந்த ஆண்டு என்று அதிலிருந்து கணக்கிட முடியாது.