புளூஸை விரல் கணுவில் எண்ணலாம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவடிவமான புளூஸ் பாட்டின் ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 12 பார் (தாளக் கட்டம்). பாருக்கு 4 தட்டு. காலால் தட்டிக்கொண்டே பாருக்கு ஒரு கணுவாகக் கட்டைவிரலை நகர்த்துங்கள். நான்கு விரல்களின் மேல்கணுக்கள் முதல் அடி. நடுக்கணுக்கள் இரண்டாம் அடி (பல பாட்டுகளில் அதே வரிதான் திரும்ப வரும்). கீழ்க்கணுக்கள் மூன்றாம் அடி. வரிசை மாறும் இடத்தில் பின்னணிக் கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) மாறுவது காதில் விழும்.

பழகுவதற்கு, 1925-இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிய ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ தோதானது. அவ்வளவு நிதானம்! அவர் வரியை முடித்ததும் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) பதில் சொல்லும். நடுவில் கணக்கு உதைத்தால் தப்பு உங்களுடையதல்ல, அந்தப் பகுதிக்கு 16 பார். அப்புறம் கவுன்ட் பேஸி குழுவின் ‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ (1937). பெரிய பேண்ட், ஏகப்பட்ட பித்தளை ஊதுகருவிச் சத்தம், ஆனாலும் உள்ளே அதே 12 கணுதான்.