டார்க்ரூமில் நெடி இல்லாமல் பிரிண்ட் போட

கருப்பு வெள்ளை ஃபோட்டோ பிரிண்ட் போடும் இருட்டறையில் மூக்கைத் துளைப்பது பெரும்பாலும் டெவலப் ஆவதை நிறுத்தும் கரைசலான ஸ்டாப் பாத்தில் உள்ள அசிட்டிக் ஆசிட்தான். முதலில் அதை மாற்றுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் 15 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் போதும், வாடையே இருக்காது. ஆனால் பூஞ்சை பிடிக்கும். அன்றன்றைக்குக் கலக்குவதே நல்லது.

பேப்பரில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். அதில் இருக்கும் மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்குத் தோல் அரிப்பைக் கொண்டுவரும், ஹைட்ரோகுவினோனும் நல்லதல்ல. இவற்றுக்குப் பதிலாக வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் ஆசிட், ஃபெனிடோன் சேர்ந்த பேப்பர் டெவலப்பர்கள் இருக்கின்றன. கருப்பு நன்றாகவே இறங்கும். எதுவானாலும் இடுக்கியால்தான் பேப்பரை எடுக்க வேண்டும், வெறுங்கை வேண்டவே வேண்டாம்.

படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸருக்கு மட்டும் மாற்று இல்லை, தயோசல்ஃபேட் உப்புதான். புதிதாக இருக்கும்போது அது அவ்வளவு மோசமில்லை. பயன்படுத்தியபின் பேப்பரிலிருந்து கரைந்து வந்த வெள்ளி அதில் தங்கிவிடுகிறது; மீனுக்கும் நீர்நிலைக்கும் அது விஷம். தயவுசெய்து சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடி போட்ட கேனில் சேர்த்து வையுங்கள். எக்ஸ்ரே லேப்களில் பழைய ஃபிக்ஸரை வாங்கி வெள்ளி பிரிப்பவர்கள் உண்டு, அவர்களிடம் கொடுத்துவிடலாம்.