சிம்மைக் கைவிடுமுன் கணக்கை நகர்த்துங்கள்

வெளிநாடு போகிறவர் லாச்சியில் போட்டுவிட்டுப் போகும் சிம், ரீலோட் இல்லாமல் கிடந்தால் ஒருநாள் இணைப்பு அறுபடும். பிறகு அதே 07 இலக்கம் மருதானையிலோ தெஹிவளையிலோ இன்னொருவருக்குப் புதுச் சிம்மாகப் போகலாம். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், சிம் செத்த பிறகும் வைஃபையில் வட்ஸ்அப் வழக்கம்போல் ஓடும். இலக்கத்தின் புது உரிமையாளர் பதிவு செய்யும் நாளில்தான் நீங்கள் வெளியே தள்ளப்படுவீர்கள். குடும்பக் குழுவில் வரும் புதுச் செய்திகள் அவருக்குப் போகும். 6 இலக்க இரு படிச் சரிபார்ப்புக் குறியீடு (PIN) போட்டிருந்தால் அது அவரைச் சில நாள் மறிக்கும், அவ்வளவுதான். 7 நாள் பொறுத்தால் அதை மீட்டமைக்க வழி உண்டு.

ஆகவே பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே அமைப்புகள், கணக்கு, எண் மாற்றம் என்று போய் வேலையை முடியுங்கள். +94க்குப் பின் முன் 0 வேண்டாம். சரிபார்ப்புக் குறியீடு புதிய இலக்கத்துக்கு வரும். குழுக்களுக்குத் தானாகவே தெரியும். மற்றவர்களுக்கு அறிவிப்பதா என்பதை அங்கேயே தெரிவு செய்யலாம். கணக்கே வேண்டாம் என்றால் அதே இடத்தில் அழியுங்கள். செயலியை மட்டும் நீக்கினால் கணக்கு அப்படியே இருக்கும். பாவனை இல்லாமல் பொதுவாக 120 நாள் கழிந்தால்தான் அழியும்.

டெலிகிராமில் ஆபத்து கூடுதல். வட்ஸ்அப்பின் பழைய உரையாடல்கள் உங்கள் போனில் இருக்கின்றன. டெலிகிராமில் இரகசிய அரட்டை தவிர எல்லாம் அந்த நிறுவனத்தின் சேவரில். எஸ்எம்எஸ் குறியீட்டோடு நுழைகிறவர் முழுவதையும் வாசிப்பார். இரு படிக் கடவுச்சொல்லை இன்றே போடுங்கள், மீட்பு மின்னஞ்சலோடு. தனியுரிமைப் பகுதியில் எத்தனை மாதம் வராவிட்டால் கணக்கு அழிய வேண்டும் என்பதையும் பாருங்கள். இயல்பாக 18 மாதம் இருக்கும், 6 போதும்.

அடுத்தது பயனர்பெயர். டெலிகிராமில் பெயரை மாற்றிய உடனே பழையது யாரும் எடுக்கக்கூடியதாகிவிடும். புறக்கோட்டைக் கடையின் பில் புத்தகத்திலும் பெயர்ப்பலகையிலும் அச்சான இணைப்பு அப்போது புதிதாக எடுத்தவரிடம் போகும், முற்பணம் கேட்கிற மோசடிக்காரராக இருந்தாலும். இதற்கு நாங்கள் சொல்லும் வழி: முதலில் ஒரு வெற்றுச் சனல் திறந்து, புதிய முகவரியை அதில் எழுதி வையுங்கள். பிறகு கணக்கிலிருந்து பழைய பெயரை எடுத்த கையோடு சனலைப் பொதுவாக்கி அந்தப் பெயரைக் கொடுங்கள். இரண்டு படிக்கும் நடுவே தேநீர் குடிக்கப் போகாதீர்கள், அந்த இடைவெளியில் வேறொருவர் அதை எடுத்துவிடலாம். குழு நிர்வாகிகள் ஆளைப் பயனர்பெயரால் குறித்து வைக்காமல் டெலிகிராம் ஒவ்வொரு கணக்குக்கும் கொடுக்கும் எண் ஐடியால் குறிப்பது நல்லது. பெயர் கைமாறும், ஐடி மாறாது.

சிக்னல் செயலியில் பயனர்பெயரின் முடிவில் குறைந்தது இரண்டு இலக்கங்கள் வரும். மாற்றினால் நடப்பு உரையாடல்களுக்கு ஒன்றும் ஆகாது. பழைய கியூஆர் மட்டும் வேலை செய்யாது, விசிட்டிங் கார்டை மறுபடி அச்சடிக்க வேண்டும்.